சின்னப் பிள்ளையோடு விமானத்தில்: பெல்ட், கார் சீட், மடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ட்ரவல்ஸில் பல வருடம் டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். விலை, லகேஜ், ட்ரான்சிட் எல்லாம் கேட்டு முடித்து, கதவு வரை போனவர்கள் திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்பார்கள்: "அக்கா, பிள்ளையை எப்படி வச்சிருக்கிறது?" வேலையை விட்ட பிறகும் அந்தக் கேள்வி போனில் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைக்கிறேன். இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பறந்தவள் என்பதால் இடையிடையே என் சொந்த அபிப்பிராயமும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஒண்டரை வயசுப் பிள்ளைக்கும் டிக்கெட் எடுக்கோணுமா?"

எடுக்கத்தான் வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு போனாலும் பிள்ளையின் பெயரில் டிக்கெட் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணங்களில் அது பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 வீதம் அளவில் வரும், வரிகள் தனி. ஆனால் அந்த டிக்கெட்டுக்கு சீட் கிடையாது. இரண்டு வயது நிறைந்துவிட்டால் தனி சீட் கட்டாயம்.

இடையில் இன்னொரு வழியும் இருக்கிறது. இரண்டு வயது ஆகாத பிள்ளைக்கும் சிறுவர் கட்டணம் கட்டித் தனி சீட் எடுக்கலாம். 'இன்ஃபன்ட் வித் சீட்' என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால், நீங்கள் கேட்காவிட்டால் நாங்களும் சொல்ல மாட்டோம். விலை கூடிவிட்டது என்று ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம்தான்.

"தாய் மடியை விடப் பாதுகாப்பான இடம் எது? இறுக்கிப் பிடிச்சா போதாதா?"

இதை என்னிடம் அதிகம் கேட்டவர்கள் அம்மம்மாக்களும் அப்பம்மாக்களும். "நான் நாலு பிள்ளையளையும் அப்படித்தான் கொண்டுவந்தனான்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. பெரும்பாலான பயணங்களில் ஒன்றும் நடப்பதில்லை. நடக்கும் அந்த ஒரு தடவையில் கை நிற்காது என்பதுதான் பிரச்சினை. இன்றைய விமான சீட்டுகளை புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு விசையில் முன்னோக்கி இழுத்துச் சோதிக்கிறார்கள். அந்தக் கணத்தில் 11 கிலோ பிள்ளை 176 கிலோவாக இழுக்கும். மூன்றரை மூடை அரிசி. எந்தத் தாயின் கை அதைப் பிடிக்கும்?

விபத்தை விடுங்கள், குலுக்கலே போதும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் எயார்லைன்ஸ் விமானம் மியன்மாருக்கு மேலே குலுங்கியது நினைவிருக்கும். ஒருவர் இறந்தார், விமானத்தை பாங்கொக்கில் இறக்கினார்கள். ஒரு வினாடி கூட ஆகவில்லை, 0.6 வினாடிக்குள் விசை தலைகீழாகி மைனஸ் 1.5 மடங்குக்குப் போனது என்று விசாரணையின் முதல் அறிக்கை சொல்கிறது. மைனஸ் என்றால் கட்டப்படாத எதுவும் மேலே போகும் என்று அர்த்தம். அடுத்த 4 வினாடிக்குள் விசை மறுபடி பிளஸ் 1.5க்கு வந்தது, மேலே போனதெல்லாம் கீழே விழுந்தது.

என் கதையையும் சொல்கிறேன். மூத்தவனுக்கு அப்போது 20 மாதம். குறுக்கே படுத்து நித்திரை. பாவம், அழுத்துமே என்று அவனுடைய பெல்ட்டைக் கழற்றி வைத்திருந்தேன். ஒரே ஒரு ஆட்டம்தான். சரிந்து போய் நெற்றி கைபிடியில் மோதி, எலுமிச்சங்காய் அளவு வீக்கம். லேசான ஆட்டம் என்றுதான் மற்ற எல்லோரும் சொன்னார்கள்.

"அப்ப ஏன் மடியில வச்சிருக்க விடுறாங்க? ஆபத்தெண்டா தடை செய்யலாம்தானே?"

நியாயமான கேள்வி. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் சூ சிட்டி என்ற இடத்தில் யுனைட்டட் எயார்லைன்ஸின் 232ஆம் இலக்க விமானம் விழுந்தது. மடிப் பிள்ளைகள் நால்வர் இருந்தார்கள். இறங்குவதற்கு முன் பிள்ளைகளைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், அந்தக் காலத்து முறை அதுதான். நால்வரில் ஒரு பிள்ளை இறந்தது. அந்தத் தாய்க்கு அப்படிச் சொன்ன தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், மடிப் பிள்ளை முறையை நிறுத்தச் சொல்லிப் பல வருடம் போராடினார்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் தனி சீட்டில், கார் சீட் என்று நாம் சொல்லும் சிறுவர் இருக்கையில் இருப்பதே பாதுகாப்பு என்று தெளிவாகச் சொல்கிறது. ஆனால் கட்டாயமாக்கவில்லை. சீட் வாங்கக் காசில்லாதவர்கள் விமானத்தை விட்டுக் காரில் கிளம்புவார்கள், தெருவில் இன்னும் அதிகம் பேர் சாவார்கள் என்பது அவர்களின் வாதம். லண்டனுக்குக் காரில் போக முடியாத நமக்கு அந்த வாதம் எவ்வளவு பொருந்தும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"தனி சீட்டுக்கு வசதியில்லை. மடியிலதான். அந்தக் குட்டி பெல்ட்டை எப்படிப் போடுறது?"

வசதியில்லாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். மடிப் பிள்ளைக்கென்று விமானத்தில் தரும் குட்டி பெல்ட்டில் ஒரு வளையம் இருக்கும். முதலில் உங்கள் பெல்ட்டை அந்த வளையத்துக்குள்ளால் விட்டு, உங்களுக்குப் பூட்டி இறுக்குங்கள். பிறகு பிள்ளையை முன்பக்கம் பார்க்க மடியில் இருத்தி, குட்டி பெல்ட்டை அதன் இடுப்பில் பூட்டுங்கள். கழற்றும்போது பிள்ளையுடையது முதலில்.

உங்கள் பெல்ட் ஒன்றையே இருவருக்கும் சேர்த்துப் போடாதீர்கள். விமானம் சடக்கென்று நின்றால் உங்கள் முழுப் பாரமும் பிள்ளையை அந்தப் பட்டியோடு சேர்த்து நசுக்கும். போர்வையை பெல்ட்டுக்கு மேலே போடாமல் கீழே விடுங்கள். பெல்ட் வெளியே தெரிந்தால் சோதிக்க வருபவர்கள் நித்திரையை எழுப்ப மாட்டார்கள். அப்புறம், பெல்ட் போடச் சொல்லும் லைட் அணைந்ததும் கழற்றி எறிய வேண்டாம். என் எலுமிச்சங்காய் அனுபவம் லைட் அணைந்திருந்த நேரத்தில்தான் நடந்தது.

"நியூயோர்க் போற பிளேன்ல அந்த பெல்ட் கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. மறந்துட்டாங்களா?"

மறக்கவில்லை. அமெரிக்க விமான நிறுவனங்களில் ஓடுபாதையில் நகரும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும் அந்த பெல்ட்டைப் போட அனுமதியில்லை. ஐரோப்பாவிலோ அதைத்தான் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் காரணம் உண்டு. பெல்ட் இருந்தால் பிள்ளை பறந்து போகாது, ஆனால் பெரிய மோதலில் தாயின் உடம்பு முன்னுக்கு மடிந்து பிள்ளையின் வயிற்றை அழுத்தும். 1994இல் எஃப்.ஏ.ஏ. பொம்மைகளை வைத்துச் செய்த சோதனையில் இது தெரியவந்தது. குலுக்கலுக்கு நல்லது, மோதலுக்குக் கூடாது என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். எந்த நாட்டு நிறுவனத்தில் போகிறீர்களோ அந்த விதி.

"கங்காரு பையில நெஞ்சோட கட்டிட்டா கையும் ஃப்ரீ, பிள்ளையும் பத்திரம்தானே?"

விமானம் பறக்கும்போது நடந்து ஆராட்டுவதற்கு அருமையான சாமான். ஏறும்போதும் இறங்கும்போதும் பெரும்பாலான நிறுவனங்கள் அதிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். பிள்ளை உங்கள் நெஞ்சுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்வதால் மேலே சொன்ன நசுங்கும் பிரச்சினை இதிலும் உண்டு.

"பாசினெட் புக் பண்ணியாச்சு. அப்ப கவலை இல்லையே?"

பாசினெட், அதாவது முன் சுவரில் மாட்டும் குட்டித் தொட்டில், நித்திரைக்கு மட்டும்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் அதை மாட்டவே மாட்டார்கள். நடுவில் பெல்ட் லைட் எரிந்தால் பல நிறுவனங்களில் பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கச் சொல்வார்கள். பாரத்துக்கும் எல்லை உண்டு, பெரும்பாலும் 10, 11 கிலோ. ஒன்றரை வயதுப் பிள்ளை கால் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். கைக்குழந்தைக்கு வாங்குங்கள், நடக்கிற பிள்ளைக்கு அதை நம்ப வேண்டாம்.

"எங்கட கார் சீட்டை உள்ளுக்குக் கொண்டு போக விடுவாங்களா? எந்தச் சீட்டும் சரியா?"

பிள்ளைக்குத் தனி சீட் வாங்கியிருந்தால் விடுவார்கள். ஆனால் எல்லாக் கார் சீட்டும் சரிவராது. முதலில் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். அமெரிக்கத் தயாரிப்பில், வாகனத்திலும் விமானத்திலும் பயன்படுத்த அனுமதி உண்டு என்று ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தில் இருக்கும். ஐரோப்பியத் தயாரிப்பில் விமானத்துக்கு உகந்தது என்ற டூவ் (TÜV) என்ற ஜெர்மன் சோதனை நிறுவனத்தின் முத்திரையைத் தேடுங்கள். கொழும்புக் கடைகளில் நான் புரட்டிப் பார்த்த பல சீட்டுகளில் இரண்டுமே இல்லை. ஆகவே காசு கொடுப்பதற்கு முன் ஸ்டிக்கர்.

இரண்டாவது, பூட்டும் முறை. விமானத்தில் இருப்பது இடுப்புப் பட்டி மட்டும். காரில் தோளுக்குக் குறுக்கே வருகிற மூன்று முனைப் பட்டி கிடையாது, கார் சீட்டைக் காரின் உடலோடு நேரே பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொளுக்கியும் கிடையாது. அவை இருந்தால்தான் நிற்கும் என்கிற சீட், எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் விமானத்தில் வெறும் சுமைதான். மூன்றாவது, அகலம். 16 அங்குலத்துக்கு மேல் போனால் எகானமி சீட்டின் கைபிடிகளுக்குள் இறங்குவது கஷ்டம். வீட்டிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள். முதுகு இல்லாத பூஸ்டர், அதாவது பிள்ளையை உயர்த்தி வைக்கும் மணை, ஏறி இறங்கும் நேரத்தில் அனுமதியில்லை.

இவையெல்லாம் சரியென்றால், ஏஜென்ட் மூலம் எயார்லைனுக்கு முன்கூட்டியே அறிவித்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏன் எழுத்தில் என்பதை பிறகு சொல்கிறேன்.

"அதை எந்தச் சீட்ல வைக்கணும்? முன்னால பார்க்கவா, பின்னால பார்க்கவா?"

ஜன்னல் சீட்டில். மற்றவர்கள் வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது என்பதுதான் காரணம். பெரிய விமானத்தில் நடு வரிசையின் நடு சீட்டும் பரவாயில்லை. அவசரக் கதவு வரிசையிலும் அதற்கு முன், பின் வரிசைகளிலும் வைக்க விடமாட்டார்கள். காற்றுப்பை உள்ள பெல்ட் இருக்கும் சீட்டும் ஆகாது. முதல் வரிசையிலும் பிசினஸ் வகுப்பிலும் இது வரலாம், பட்டி வழமையைவிடத் தடிப்பாக இருப்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்.

9 கிலோவுக்குக் குறைந்த பிள்ளை பின்பக்கம் பார்க்க, அதற்கு மேல் முன்பக்கம் பார்க்க என்பது எஃப்.ஏ.ஏ. சொல்லும் பொதுக் கணக்கு. உங்கள் சீட்டின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேடுதான் முடிவு. பின்பக்கம் பார்க்க வைத்தால் முன்னால் இருப்பவர் சீட்டைச் சரிக்க முடியாது. விமானம் கிளம்ப முன்பே சிரித்த முகத்தோடு அவரிடம் சொல்லிவிடுங்கள். சொக்லட் ஒன்று கொடுத்தாலும் நட்டமில்லை.

"இவ்வளவு பெரிய சாமானைத் தூக்கிக்கொண்டு டோஹாவில ஓட ஏலாது. சின்னதா ஒண்டும் இல்லையா?"

இருக்கிறது. கெயார்ஸ் என்ற பட்டித் தொகுதி. அரைக் கிலோ கூட வராது, சின்னப் பைக்குள் சுருண்டு கிடக்கும். எஃப்.ஏ.ஏ. 2006இல் அனுமதி கொடுத்தது. ஒரு பட்டியை சீட் முதுகைச் சுற்றிக் கட்டி, அதிலிருந்து வரும் இரண்டு தோள் பட்டிகளை விமானத்தின் இடுப்பு பெல்ட்டோடு கோர்க்க வேண்டும். பின்னால் இருப்பவரின் மேசையை ஒரு நிமிடம் இறக்கச் சொல்லி அதற்கு அடியால் பட்டியைக் கொண்டுபோக வேண்டும், ஆகவே விமானத்துக்குள் முதலில் ஏறிவிடுங்கள்.

10 முதல் 20 கிலோ, உயரம் 100 சென்டிமீட்டர் வரை, தானாக நிமிர்ந்து உட்காரும் பிள்ளை, தனி சீட். இந்த நான்கும் இருந்தால்தான் சரி. காரில் இதைப் போட முடியாது என்பது இதன் குறை. ஹீத்ரோவில் இறங்கி அண்ணன் காரில் ஏறும்போது கார் சீட் வேண்டும், அதை அவரே கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். கொழும்பில் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் சொல்லித்தான் வாங்குகிறார்கள். ஒரு வீட்டில் வாங்கி நாலு வீடு பயன்படுத்துவதும் நடக்கிறது. பட்டி கிழியாமல், தைத்த இடம் விடாமல் இருந்தால் அதில் தவறில்லை.

"மகளுக்கு ரெண்டரை வயசு. பெல்ட் போட்டா கழட்டிட்டு எழும்பி நிக்கிறா. கட்டிப் போடவா?"

கட்டிப் போடாதீர்கள், பூட்டுக்கு மேல் டேப் ஒட்டுவதும் வேண்டாம். அவசரத்தில் நீங்களே திறக்க முடியாமல் போகும். வெறும் இடுப்பு பெல்ட் சின்னப் பிள்ளைக்குச் சரியாக நிற்காது, வயிற்றுக்கு மேலே ஏறும். அதைத் தொடைக்குச் சற்று மேலே, இடுப்பெலும்பில் படும்படி இறுக்குங்கள். தோள் பட்டி உள்ள கெயார்ஸ் அல்லது கார் சீட் இருந்தால் எழும்பி நிற்கும் சண்டை பாதி குறையும். காரில் கார் சீட்டுக்குப் பழகிய பிள்ளை விமானத்திலும் அதைத் தன் இடம் என்று நினைக்கும். ஓட்டோவில் மடியிலேயே போய்ப் பழகிய நம் பிள்ளைகளுக்குத்தான் பெல்ட் என்பதே புதுச் சாமான்.

ஆகவே ஒரு வாரத்துக்கு முன்பே வீட்டில் பழக்குங்கள். கதிரையில் இருத்தி, துப்பட்டாவை இடுப்பில் சுற்றி, பிளேன் விளையாட்டு. கரடிப் பொம்மைக்கும் பெல்ட். 'டிங்' என்று நீங்கள் சத்தம் போட்டால் பெல்ட் போட வேண்டும் என்பது விதி. என் சின்னவள் கடைசியில் எனக்கே போட்டுவிட்டாள். அதையும் மீறி அழுதால் அழட்டும். இறங்கும் 20 நிமிடத்தில் பக்கத்தில் இருப்பவர் முறைத்தாலும் பெல்ட்டைக் கழற்றாதீர்கள்.

"அலர்ஜிக்குக் குடுக்கிற பிரிட்டோன் (Piriton) சிரப் கொஞ்சம் குடுத்தா நித்திரையாயிடும் எண்டு சொல்றாங்க."

எல்லோரும் சொல்வார்கள். பிள்ளை டொக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது எதிர்மாறாக வேலை செய்து, பதினொரு மணி நேரமும் துள்ளிக்கொண்டிருக்கும். நித்திரையானாலும் பெல்ட் வேண்டும் என்பது வேறு.

"ஏறும்போது காது வலிக்கும், பால் குடுக்கணும். கார் சீட்ல இருந்தா எப்படிக் குடுக்கிறது?"

மடியில் இருந்தால் குட்டி பெல்ட்டோடு கொடுக்கலாம், பிள்ளையைச் சற்றுத் திருப்பினால் போதும். கார் சீட்டில் இருக்கும்போது போத்தல், சூப்பி, அல்லது குழாய் வைத்த கப். விழுங்குவதுதான் காதைத் திறக்கும், எதிலிருந்து விழுங்குகிறது என்பது முக்கியமில்லை. இறங்கும்போதுதான் வலி அதிகம். விமானம் தாழத் தொடங்கியதுமே ஆரம்பித்துவிடுங்கள், சக்கரம் தரையைத் தொடும் வரை காத்திருக்க வேண்டாம்.

"போகும்போது 23 மாசம், திரும்பி வரும்போது ரெண்டு வயசு தாண்டிடும். யாரும் கவனிப்பாங்களா?"

கவனிப்பார்கள். பிறந்த திகதி பாஸ்போர்ட்டில் இருக்கிறது. வரும் பயணத்துக்குத் தனி சீட் எடுத்தாக வேண்டும். கவுண்டரில் வைத்து வாங்கினால் அன்றைய விலை, சீட் இல்லாமலும் போகலாம். இப்படி மாட்டி ரொறன்ரோவிலிருந்து அழுதபடி எனக்குப் போன் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். முதலிலேயே சொல்லி எடுங்கள்.

"இரட்டைப் பிள்ளையள். அவர் வரேல்ல, நான் தனிய. ரெண்டையும் மடியில வைக்கலாமா?"

முடியாது. ஒரு பெரியவருக்கு ஒரு மடிப் பிள்ளைதான். மற்றதற்குத் தனி சீட்டும், அனுமதி உள்ள கார் சீட்டும் வேண்டும். கணவரும் வந்து இருவரும் ஆளுக்கொன்று மடியில் வைத்தாலும் பல விமானங்களில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க விடமாட்டார்கள். ஒட்சிசன் முகமூடி ஒரு வரிசைத் தொகுதிக்கு ஒன்று மட்டுமே கூடுதலாக இருக்கும். நடைபாதைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருங்கள். முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, பிறகு பிள்ளைக்கு. மனம் கேட்காது, ஆனாலும் அதுதான் சரி. நீங்கள் மயங்கினால் பிள்ளைக்குப் போட ஆள் இல்லை.

"சென்னைக்கு ஒண்டேகால் மணித்தியாலம். அதுக்கும் இவ்வளவு வேணுமா?"

காசு என்று பார்த்தால் நானும் சென்னைக்குத் தனி சீட் எடுக்கச் சொல்ல மாட்டேன், குட்டி பெல்ட்டோடு சமாளியுங்கள். ஆனால் பயணம் சின்னது என்பதால் ஆபத்தும் சின்னது என்று நினைக்காதீர்கள். ஏறுவதும் இறங்குவதும் இதிலும் ஒவ்வொரு தடவை உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சென்னைப் பக்கம் விமானம் நன்றாகவே ஆடும். யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து போகிறவர்கள் ஏ.டி.ஆர். என்ற சின்ன விசிறி விமானத்தில் ஏறுவார்கள், அது பெரியதைவிடத் தாழப் பறக்கும். அந்த நேரம் முழுக்க பெல்ட் இருக்கட்டும்.

"கவுண்டர்ல ஓம் எண்டாங்க. உள்ளுக்குப் போனா ஹோஸ்டஸ் கார் சீட் வைக்க ஏலாதெண்டுறா. என்ன செய்யிறது?"

இதற்காகத்தான் எழுத்தில் வாங்கச் சொன்னேன். குரலை உயர்த்தாமல் அந்த ஈமெயிலையும் சீட்டின் ஸ்டிக்கரையும் காட்டுங்கள். தலைமைப் பணியாளரோடு கதைக்க வேண்டும் என்று கேளுங்கள். பல நேரம் தடை சீட்டுக்கு அல்ல, வைத்த இடத்துக்குத்தான். நடைபாதைப் பக்கத்திலிருந்து ஜன்னலுக்கு மாற்றினால் பிரச்சினை முடிந்துவிடும். அதற்குப் பிறகும் மறுத்தால் விமானத்துக்குள் கடைசிச் சொல் அவர்களுடையது. குட்டி பெல்ட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், முறைப்பாட்டை இறங்கிய பிறகு எழுதலாம்.

"அவசரமா வெளியேறச் சொன்னா கார் சீட்டோட தூக்கிறதா, பிள்ளையை மட்டுமா?"

பிள்ளையை மட்டும். சீட்டும் பையும் அங்கேயே கிடக்கட்டும். இதற்கு ஒத்திகை வேண்டும். வீட்டில் பிள்ளையைக் கார் சீட்டில் பூட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பாருங்கள், உங்களோடு பயணம் போகிற அத்தனை பெரியவர்களும். எங்கள் வீட்டில் நான் மூன்று தடவை பிழைவிட்டேன். கணவர் நெஞ்சுப் பூட்டைத் தேடிக்கொண்டே இருந்தார்.